அவனுக்கு மட்டும் குளோசப்

அந்த வசனத்தை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, "அத எழுதினது நீங்கதானே?" என்று கேட்கிறார்கள். ஓம், நான்தான். "வாய மூடிக்கிட்டுத் தேத்தண்ணியப் போடு." நாலே நாலு சொல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருக்க, சமையலறை மேசையில் வைத்து எழுதினேன். எழுதும்போதே எனக்கு அருவருப்பாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். வீடு நாவற்குடாவில். மகளிர் தினத்துக்கும் பாடசாலை விழாக்களுக்கும் சின்னச் சின்ன நாடகங்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்தார். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். சொந்தமாகக் கமரா, லைட், ட்ரோன் எல்லாம் வைத்திருந்தார். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, இந்தியா நாடகத்தையே எத்தின நாளைக்குப் பாக்கிற? நம்மட பேச்சில, நம்மட வாவிக் கரையில ஒண்டு செய்வம். கேபிள்காரரும் போடுறன் எண்டிருக்காங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். நம் பேச்சு டிவியில் கேட்பதென்றால் பகிடிக் காட்சியில் மட்டும்தான். முழுக் குடும்பமும் நம் பேச்சில் அழுது சிரித்துச் சண்டை பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பன்னிரண்டு பகுதி. இறால் வாங்கி விற்கும் ஒருவன், அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஆளை நான் கற்பனையில் செய்யவில்லை. எனக்குத் தெரிந்த பத்துப் பேரைச் சேர்த்துச் செய்தேன். ஊரில் நல்ல பெயர். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக நிற்பான். வீட்டில் சேட்டு கைக்கு வர வேண்டும், செருப்பு காலுக்கு வர வேண்டும். விருந்தாளி இருக்கும்போது மனைவி வாய் திறக்கப் போனாலே வெட்டிவிடுவான். எட்டுப் பகுதி வரைக்கும் அவள் பேசவே மாட்டாள். ஒன்பதாவதில் வாய் திறப்பாள். பத்தாவதில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலைக்குப் போய்விடுவாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அதுதான் நான் எழுதிக் கொடுத்த கதை. தம்பி வாசித்துவிட்டு, "சூப்பர் அக்கா" என்றார்.

கணவனாக நடித்தவர் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். நடித்த ஆட்களிலேயே அவர்தான் சாதுவானவர். எல்லோரும் குடித்த தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைப்பார். மனைவியாக நடித்தவள் கல்லடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். பாடசாலைச் சீருடைதான் அவள் தொழில். தனியாக ஒரு மகளை வளர்க்கிறாள். என்னுடைய மேடை நாடகம் ஒன்றில் நடித்திருந்தாள். நான்தான் அவளைக் கூட்டிப் போனேன்.

அந்த நாலு சொல்லைக் கணவனாக நடித்தவர் சொன்ன நாள் எனக்கு நல்ல ஞாபகம். ஒரு பக்கச் சிரிப்போடு, "தேத்தண்ணிய" என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். தம்பி அதையே வைத்துக்கொண்டார். பிறகு எடிட்டிங்கில் அந்த இடத்துக்கு 'டொய்ங்' என்று ஒரு சத்தமும் போட்டுவிட்டார். அவள் முகத்தைக் காட்டும் ஷொட்டை வெட்டிவிட்டார். அதோடு அது பகிடியாகிப் போனது.

இரண்டு கிழமையில் அந்த வசனம் ஊர் முழுக்கப் பரவியது. போனில் ரிங்டோன் ஆனது. பஸ்ஸில் கொண்டக்டர் சொன்னார். காத்தான்குடிப் புடவைக் கடையொன்றில் இரண்டு சேல்ஸ்மேன்மார் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். கலியாண வீடொன்றில் மாப்பிள்ளையை அவருடைய கூட்டாளிகள் மைக்கில் சொல்லச் சொல்லி உசுப்பினார்கள். அவர் சொன்னார். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம், "அந்த மனுசன் என்ன பகிடிகா! கோவக்காரன், ஆனா மனசு தங்கம்" என்றாள். அவன் மனசு தங்கம் என்று நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

பிறகு அது என் அலுவலகத்துக்கும் வந்தது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு உதவி கொடுப்பது பற்றிய கூட்டம். பட்டியலில் மூன்று பெண்களின் பெயர் விடுபட்டிருந்தது. நான் எழும்பிச் சொன்னேன். மேலதிகாரி பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, "மிஸ், நீங்களே எழுதியிருக்கீங்கதானே. வாய மூடிக்கிட்டு..." என்று இழுத்தார். மிச்சத்தை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். இரண்டு பெண்களும் அதில் சேர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று பேருக்காக அடுத்த நாள் கடிதம் எழுதி, இரண்டு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. மூன்றாமவளுக்கு அந்த முறை கிடைக்கவில்லை.

கூட்டம் நடந்த அன்றைக்கே தம்பியின் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"தம்பி, அந்த ஆள நாம என்னத்துக்குக் காட்டுறம்? சனம் அவனப் பாத்துக் கூசணும் எண்டுதானே எழுதினன்?"

"அக்கா, சனத்துக்கு அவரப் பிடிச்சுப் போச்சு. பிடிச்ச ஆள நாம கெட்டவனாக்க ஏலா. பாக்கிறத விட்டுருவாங்க." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவது போல, "ஒரு பிளாஷ்பேக் எழுதித் தாங்க. சின்ன வயசில, பிரச்சின காலத்தில, தகப்பனப் பறிகுடுத்து, தாயும் இல்லாம வளந்தவர் எண்டு காட்டுவம். அப்ப ஏன் அவர் இப்பிடி எண்டு விளங்கும்" என்றார்.

"அவர்ர பொஞ்சாதி எந்த ஊர்ல பிறந்தவ?"

"இஞ்சதான்."

"அதே காலத்திலதானே வளந்தவ? அவட தகப்பனுக்கு என்ன நடந்தது?"

தம்பி என்னை உண்மையாகவே விளங்காமல் பார்த்தார். "அது... இது அவட கதை இல்லயே அக்கா."

அந்தப் பதில் இன்னும் என்னைச் சுடுகிறது. யுத்தம் தின்ற இந்த மாவட்டத்தில் என் வயதுக்காரரில் எந்த வீட்டில் இழப்பு இல்லை? அகதி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றது ஆண் பிள்ளைகள் மட்டுமா? சுனாமியில் கடல் வந்து எடுத்துக்கொண்டு போனது அவர்கள் வீட்டு ஆட்களை மட்டுமா? அப்படியிருக்க, துயரம் என்ற ஒன்று எங்கள் நாடகங்களில் ஆணுக்கு மட்டும்தான் ஒதுக்கப்படுகிறது. அவன் கோப்பையைச் சுவரில் எறிந்தால் அதற்குப் பின்னால் ஒரு பிள்ளைப் பருவம் இருக்கும். அந்தக் கோப்பைத் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிறவளுக்குப் பிள்ளைப் பருவமே கிடையாது. அவள் கலியாணத்தன்றுதான் பிறந்தவள் போல வந்து நிற்பாள். இருபது வருடமாகப் பார்க்கிறேன். மனைவியை அறைக்குள் பூட்டி வைத்தவன், அவள் படிப்பை நிறுத்தியவன், எல்லோர் முன்னாலும் அவளைக் கேவலப்படுத்தியவன், எல்லோருக்கும் கடைசியில் ஒரு லொறி வந்து மோதும். தலையில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பான். அவள் ஓடி வருவாள். அவ்வளவுதான், அவன் நல்லவன்.

இவ்வளவு கோபம் இருந்தும் அந்தப் பிளாஷ்பேக்கை நான் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் மறைக்க மாட்டேன். ஒவ்வொரு கிழமையும் டிவியில் என் பெயர் வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறாவது பகுதியில் அவன் கை ஓங்குவான், பிறகு இறக்கிவிடுவான். அப்படித்தான் எழுதியிருந்தேன். வாவிக் கரையில் ஒரு வீட்டு முற்றத்தில், மதியம் திரும்பிய நேரம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அள்ளி வீசிக்கொண்டிருக்க, அதை எடுத்தார்கள். ஓங்கினால் காணாது, அடி விழ வேண்டும் என்றார் தம்பி. இரண்டு தரம் பொய்யாக அடித்து எடுத்தார்கள். தம்பிக்குத் திருப்தியில்லை. "நிசம் மாதிரி இல்ல" என்றார். நடிகரைத் தென்னைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுப்பது தெரிந்தது. பிறகு தலை ஆடுவது நின்றது.

மூன்றாம் தரம் அடி நிசமாகவே விழுந்தது. காற்றையும் மீறிச் சத்தம் கேட்டது. அவளுடைய காதுத் தோடு கழன்று மணலில் விழுந்தது. அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். கமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"தங்கச்சி, அந்த அதிர்ச்சி அப்பிடியே வந்திருக்கு!" என்றார் தம்பி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த தாள்களைப் பார்த்தேன்.

நானும் அவளும் ஒரே ஓட்டோவில் திரும்பினோம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும், "அக்கா, இப்பிடி அடிப்பாங்க எண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?" என்று கேட்டாள்.

"சத்தியமாத் தெரியாதுகா."

"சரி. அடிச்சாப் பிறகு தெரிஞ்சிதானே? நீங்க ஒண்டும் சொல்லல்லயே."

அவள் இறங்கும்போது, "போய்ட்டு வாறன்" என்று எப்போதும் போலச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அந்தப் பகுதியை என் கணவரோடு இருந்து பார்த்தேன். அடி விழுந்தது. உடனே கமரா அவன் கைக்குப் போனது. கை நடுங்கியது. பிறகு அவன் முகம், கண்ணில் நீர், புல்லாங்குழல். அவள் முகம் ஒரு கண் சிமிட்டலுக்கு வந்து போனது. என் கணவர் நல்ல மனிதர். குரலை உயர்த்திக் கதைக்காதவர். அவர் சொன்னார், "பாவம் மனுசன். அடிச்சிட்டு எப்பிடி அழுறான் பாரு."

"ஆர் பாவம்?" என்று கேட்டேன்.

என் குரலில் இருந்தது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். போனை எடுத்து, தம்பி இணையத்தில் ஏற்றியிருந்த அந்தக் காட்சியை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். அவள் முகம் வந்த இடத்தில் நிறுத்தினார். "கன்னத்தில விரல் பதிஞ்சிருக்கே. இது நிசமான அடியா?" ஓம் என்றேன். "அடி விழக்குள்ள நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த, எனக்குத் தெரியல்லயே" என்றார். கமரா பார்க்கச் சொன்ன இடத்தைத்தான் அவர் பார்த்தார். ஊரில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நாடகத்தின் கீழே வந்த கருத்துகளில் பாதி 'பாவம் அண்ணன்'. மிச்சத்தில் நிறைய, 'அவ வாய் காட்டியிருப்பா'. எட்டுப் பகுதிக்கு வாயே திறக்காத பெண்ணைப் பற்றி!

அடுத்த வெள்ளிக்கிழமை சட்டை அளவு கொடுக்க அவள் கடைக்குப் போயிருந்தேன். அப்போது அந்த நடிகர் தன் மனைவியோடு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, நான் செஞ்சது பிழை. தம்பி சொல்லித்தான் செஞ்சன். ஆனா கை என்ட கைதானே. எனக்கு அண்டைக்கிருந்து ஒழுங்காச் சாப்பிட ஏலாமக் கிடக்கு. என்ன மன்னிச்சிக்கங்க."

அவள் மெசினில் இருந்து எழும்பவில்லை. "வந்து கேட்டது நல்லம் அண்ணன். இப்ப சரி எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்ல. மறுகா பாப்பம்" என்றாள். அவர் தலையாட்டினார். அவர் மனைவி மட்டும் உள்ளே வந்து அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தேவையான கடைசிக் காட்சி கண் முன்னால் நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதை அப்படியே எழுதினேன். பாசிக்குடா ஹோட்டலின் சலவைப் பகுதி. அவன் வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அவன் காத்து நிற்கிறான். முடிந்தது.

தம்பி வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "அக்கா, கதாநாயகன் பொம்புளயிட்டப் போய் மன்னிப்புக் கேட்டா அவர்ர மரியாத என்னாகிற?"

"அந்த மனுசன் நிசத்தில கேட்டாரே தம்பி. நான் பாத்தன்."

"நிசம் வேற, நாடகம் வேற அக்கா."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியாது. ஸ்டூடியோவில் படம் எடுக்க வந்திருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அடிக்கக்குள்ள மட்டும் உங்களுக்கு நிசம் வேணும். மன்னிப்புக் கேக்கக்குள்ள நாடகம் வேணும். அப்பிடித்தானே?"

கடைசிப் பகுதியைத் தம்பியே எழுதினார். லொறி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது. மனைவி வேலையை விட்டு ஓடி வந்து அவனுக்குக் கஞ்சி பருக்க வேண்டும். அவன் ஒன்றும் பேசாமல் அவள் கையைப் பிடித்துச் சிரிப்பான்.

ஷூட்டிங்குக்கு அவள் வந்தாள். சேலையும் உடுத்தாள். காட்சியைச் சொன்னதும், "அவர் வாயத் துறந்து ஒரு சொல் சொல்லட்டும். நான் கஞ்சி குடுக்கிறன்" என்றாள்.

"தங்கச்சி, நேரம் போகுது" என்றார் தம்பி.

"ஒரு சொல் தம்பி. பிழை எண்டு ஒரு சொல்."

கட்டிலில் தலைக்கட்டோடு படுத்திருந்த நடிகர் எழும்பி உட்கார்ந்து, "சொல்லுறன் தம்பி, அதில என்ன?" என்றார். தம்பி முடியாது என்றார். அவள் உள்ளே போய் உடுப்பை மாற்றி, நாடகத்துக்கு வாங்கிய சேலையை நாலாக மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். இந்த முறை நானும் எழும்பினேன். என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுக்கவில்லை.

அந்தச் சேலையை வேறொரு பெண்ணுக்கு உடுத்தி, முதுகுப் பக்கமாக வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். மன்னித்தவளின் முகமே இல்லை. ஒரு முதுகு, ஒரு கை, ஒரு கரண்டி. கட்டிலில் அவன் முகம் மட்டும், கண்ணீரும் சிரிப்புமாக, திரை நிறைய. முன்பு எந்தப் பகுதிக்கும் இல்லாத அளவு ஆட்கள் அதைப் பார்த்தார்கள். 'குடும்பம் எண்டா இதுதான்' என்று எழுதினார்கள். முகமே இல்லாமல் ஒரு பெண் மன்னித்தால் இவர்களுக்குப் போதுமாக இருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எல்லோருக்கும் அல்ல. சந்தையில் எனக்கு மீன் வெட்டித் தரும் அம்மா ஒருவர் என்னைக் கண்டதும் கத்தியை நிறுத்திவிட்டு, "கடைசில வந்தது அந்தப் புள்ள இல்லயே. முதுகப் பாத்தாத் தெரியாதா? அவ எங்க?" என்று கேட்டார். அடி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "போனது நல்லம்" என்று சொல்லிவிட்டு மீண்டும் செதில் சுரண்டினார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண், "என்னதான் எண்டாலும் புருசன் ஆஸ்பத்திரில கிடக்கக்குள்ள..." என்று தொடங்கினாள். இரண்டு பேரும் தர்க்கப்பட, என் மீன் வெட்டி முடிய வெகு நேரமானது.

இது இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் இரண்டாம் பாகம் தொடங்கினார்கள். முதல் காட்சியில் சுவரில் அவளுடைய படம், பிளாஸ்டிக் மாலையோடு. அவள் நடிக்க வராததால் அவளைச் சாகடித்துவிட்டார்கள்! அவன் படத்துக்கு முன்னால் நின்று அழுகிறான். இப்போது அவன் மனைவியை இழந்த நல்லவன்.

அவளுடைய சொந்த மகள்தான் அதை முதலில் பார்த்தாள். விடுமுறை டியூசன் வகுப்புப் பிள்ளைகள் போனில் காட்டினார்களாம். பிள்ளை புத்தகப் பையோடு அழுதுகொண்டு தையல் கடைக்கு ஓடி வந்தாள். தாய் எனக்குப் போன் எடுத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஸ்டூடியோவுக்கு நடந்தாள். நான் பாதி வழியில் சேர்ந்துகொண்டேன். படமும் மாலையும் அங்கே செட்டுச் சுவரில் இன்னும் தொங்கின.

"என்ட படத்தக் கழட்டுங்க. நான் உயிரோட இரிக்கன்."

"அது பாத்திரம்தானே தங்கச்சி, நீங்க இல்லயே."

"மாலை விழுந்தது என்ட முகத்தில. என்ட புள்ள பாத்து அழுதிருக்காள்."

இந்தத் தரம் நான் தாள்களைப் பார்க்கவில்லை. "கழட்டுங்க தம்பி. கழட்டும் வரைக்கும் நாங்க இஞ்சதான் நிக்கிறம்" என்றேன். கலியாண அல்பம் பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் மணித்தியாலத்துக்குப் பிறகு படத்தை எடுத்துக் கொடுத்தார். ஓடிய பகுதியையும் இணையத்திலிருந்து எடுப்பதாகச் சொன்னார். இரண்டு நாளில் எடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் மாலையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். "அக்கா, ஒண்டு கவனிச்சீங்களா? செத்தவங்கட படத்துக்குக் கீழ பேர் போடுவாங்கதானே. இதில போடல்ல. என்ட பாத்திரத்துக்குப் பேர் என்ன?"

யோசித்தேன். வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவனுக்குப் பெயர் இருந்தது. அவன் கூட்டாளிக்குப் பெயர் இருந்தது. இறால் ஏற்றும் அவனுடைய லொறிக்குக்கூட நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். அவள் பேசும் இடமெல்லாம் 'மனைவி' என்றுதான் எழுதியிருந்தேன். அவன் அவளைக் கூப்பிடும் இடமெல்லாம் பெயருக்குப் பதிலாக 'இஞ்ச'. அதை எழுதியது தம்பி அல்ல.

அவளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மறுபக்கத்தில் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. பாடசாலை தொடங்க இரண்டு கிழமைதான், அவளுக்குத் தலைக்கு மேல் வேலை.

"அப்ப அடுத்தது எழுதக்குள்ள முதல்ல பேர வைங்க" என்றாள். "எனக்கு இப்ப நேரமில்ல அக்கா, வைக்கிறன்."